கண்ணை மூடிக்கொண்டு பேசிய வீடு

சென்ற மழைக்காலத்தில் என் கணவர் வீட்டை விட்டுப் போக முடிவெடுத்தார். குடி இல்லை, வேறு பெண் இல்லை, மதம் மாறவும் இல்லை. காரணம் பெங்களூர் டிராஃபிக். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

கர்த்தருக்குள் எனக்கு அன்பானவர்களே, என் சாட்சியில் ஆபரேஷன் இல்லை, விபத்து இல்லை, பெரிய டாக்டர்கள் கைவிரித்த கதையும் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் உடைய இருந்தது. அது உடையாமல் கர்த்தர் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் அப்போது லிங்கராஜபுரத்தில், ஆலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். நான், கணவர் வினோத், யு.கே.ஜி. படிக்கும் மகள் ஜெனி, நான் மாமா என்று கூப்பிடும் வினோத்தின் அப்பா. நான் நாகவாராவில் ஒரு அலுவலகத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். ஸ்கூட்டரில் சீக்கிரம் போய்விடலாம். வினோத் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டுக்கும் பீன்யாவுக்கும் நடுவில் ஊரில் உள்ள எல்லா வண்டிகளும் நிற்கும்.

பீன்யா பக்கம் வீடு மாற்றலாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் பதில்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்று, என் ஆபீஸ். இரண்டு, ஜெனியின் ஸ்கூல். மூன்று, ஆலயம். நான்கு, இத்தனை வருடம் இருந்த தெருவை விட்டு மாமா வரமாட்டார். வினோத்திடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்று. "எனக்கு முடியல." அதையெல்லாம் ஒரு காரணமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாருக்குத்தான் இந்த ஊரில் முடிகிறது?

சில மாதங்கள் இப்படியே போன பிறகு, "சரி, நான் கம்பெனி பக்கத்துல ரூம் எடுத்துக்கறேன். சனிக்கிழமை சாயங்காலம் வரேன், திங்கக்கிழமை காலைல போறேன்," என்றார். கூட வேலை செய்பவரின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்ததாம். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போய், பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்து, பிறகு அதற்கும் வராமல் போனவரின் மனைவி என் டீமிலேயே இருக்கிறாள். எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. ஆனால் நான் சொன்னது, "உங்க இஷ்டம்."

அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. ஆனால் குடும்ப ஜெபம் நிற்கவில்லை. மாமா வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அந்த வீட்டில் யாரும் தப்பிக்க முடியாது. பெரியவரிலிருந்து சின்னவர் வரை ஆளுக்கொரு ஜெபம். விசுவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. இந்த வசதியை முதலில் கண்டுபிடித்தவர் வினோத்.

"ஆண்டவரே, இந்த வீட்ல சிலருக்கு அடுத்தவங்க கஷ்டத்தப் புரிஞ்சுக்கிற மனசத் தாரும்," என்று ஒரு நாள் ஜெபித்தார்.

அடுத்தது என் முறை. "ஆண்டவரே, இந்த வீட்ல சிலருக்குக் குடும்பத்தை விட ரோடு பெரிசாத் தெரியுது. அவங்களுக்குக் கண்ணைத் திறந்தருளும்."

மாமா இரண்டுக்கும் ஒரே உற்சாகத்தோடு "ஆமென், ஸ்தோத்திரம்" என்றார். முடிந்ததும், "நல்லா ஜெபிச்ச வினோத். கிரேஸ், நீயும் உருக்கமா ஜெபிச்சம்மா," என்று பாராட்டு வேறு. அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மின்சார பில், கேஸ் புக்கிங், ஊறப்போடாத துணி, எல்லாம் பரலோகம் வழியாகத்தான் போய் வந்தன. ஒரு நாள் நான் ஜெபித்து முடித்ததும் அவர் முறை இல்லாமலே முடிவு ஜெபம் என்று ஆரம்பித்து எனக்குப் பதில் சொன்னார். நான் விடாமல் இன்னொரு முடிவு ஜெபம் செய்தேன். குழம்பு ஆறிப்போனது. ஜெனி கைகூப்பி, கண்மூடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆலயத்திலோ, குடும்ப ஜெபத்தை விடாத வீடு என்று எங்களைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

ஒரு திங்கட்கிழமை வினோத் வந்து, வருகிற சனிக்கிழமை பையோடு ரூமுக்குக் குடிபோகிறேன் என்று நேராகவே சொன்னார். நான் "போங்க" என்றேன். அன்றோடு ஜெபமும் நின்றது. மாமா தன் அறையில் தனியாக ஜெபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என்னால் வேலை பார்க்க முடியவில்லை. ஆபீஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். லிஃப்ட் இருப்பதால் அங்கே யாரும் வருவதில்லை. "ஆண்டவரே, அவர் போகக்கூடாது. எனக்கு வேறெதுவும் சொல்லத் தெரியல," என்று ஜெபித்தேன். அவ்வளவுதான். பல மாதங்களில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

சனிக்கிழமை காலை. வினோத்தின் பை வாசலில் தயாராக இருந்தது. ஜெனியின் படுக்கையை மடித்த நான், தலையணை உறையில் மஞ்சள் கறையைப் பார்த்தேன். அவள் காதுக்குள்ளிருந்து வந்திருந்தது. தொட்டால் நெருப்பாகக் கொதித்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். வினோத் பையைத் தாண்டி வந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்து, எப்போதிலிருந்து வலி என்று கன்னடத்தில் கேட்டார். நான் வினோத்தைப் பார்த்தேன். வினோத் என்னைப் பார்த்தார். டாக்டர் எங்களை விட்டுவிட்டு ஜெனியிடம் குனிந்து, "நீயே சொல்லு புட்டி," என்று கன்னடத்தில் குட்டிப்பெண்ணைக் கூப்பிடும் செல்லப் பெயரால் கேட்டார்.

ஜெனி கைகளைக் கூப்பினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, இந்த வீட்ல சிலருக்குக் காது வலிக்குது. ரொம்ப வலிக்குது. அவங்களுக்கு மருந்து தாரும், ஆமென்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவருக்கு அது பக்தியுள்ள பிள்ளை. வினோத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்டா கண்ணு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"நீங்கதான் ஜெபமே வைக்கலையே. எப்ப சொல்றது?" என்றாள், என்னவோ நான் கேட்டதுதான் அசட்டுக் கேள்வி என்பதுபோல.

செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. மருந்தில் ஆறிவிடும், ஆனால் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்தார். வெளியே வந்து, நின்றுகொண்டே சாப்பிடும் பக்கத்து தர்ஷினி ஹோட்டலில் நின்றோம். ஜெனி காதில் பஞ்சோடு வடை தின்றாள். எங்கள் காபி அப்படியே இருந்தது.

"சொல்லு," என்றார் வினோத்.

"என்ன சொல்லணும்?"

"ஜெபத்துல என்னைப் பத்திச் சொல்வியே, அதை. இப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

கண்ணைத் திறந்துகொண்டு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. "நீங்க போனா திரும்பி வரமாட்டீங்கன்னு பயமா இருக்கு," என்றேன்.

"இத நீ ஒரு நாளும் ஜெபிக்கலையே," என்றார்.

பிறகு அவர் சொன்னார். கொரகுண்டேபாளையா ஃப்ளைஓவரில் பஸ் நிற்கும்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம், மூச்சு முட்டுகிறதாம். ஒரு நாள் பாதியில் இறங்கி நடந்தே போய், ஃபேக்டரி கேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே கிரேஸ். முடியலன்னு சொன்னேனே."

நான்கு காரணங்கள் வைத்திருந்த நான், என் காபியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஜெனிதான் பேசினாள். "அப்பா, என் வடை பாதி கீழ விழுந்துடுச்சு." கண்களைத் திறந்துகொண்டே சொன்னாள். வினோத் இன்னொரு வடை வாங்கி வந்தார். வரும்போதே போனில் அந்த நண்பரிடம், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் நான் கேட்டது அதுதான். ஒரு நாள்கூட ஆகவில்லை, கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார். அதற்கு என் பிள்ளை வலி தாங்கியிருக்க வேண்டுமா என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். காது முழுவதும் ஆறியபோதும் கேட்டேன், நன்றியும் சொன்னேன்.

வினோத் டாக்டரைப் பார்த்து, படபடப்புக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். இப்போது நாங்கள் இருப்பது இரண்டு பேர் வேலைக்கும் நடுவில், மத்திகெரேயில். அவருக்கும் பாதி தூரம், எனக்கும் பாதி தூரம். இருவரும் சமமாக டிராஃபிக்கைத் திட்டுகிறோம். மாமா வரமாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேனே, அவர்தான் முதலில் பெட்டி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டு பஸ் மாறிப் போவதை மட்டும் வாரம் முழுவதும் சொல்லிக் காட்டுகிறார்.

குடும்ப ஜெபத்துக்கு ஒரு சட்டம் போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்ல வேண்டியதை ஜெபத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் ஜெபத்துக்கு முன் எங்கள் வீட்டில் நல்ல சத்தம் இருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது. ஜெபம் சின்னதாகிவிட்டது. என் கணவர் தினமும் வீட்டுக்கு வருகிறார். நான் சந்தோஷமாக இருக்கிறேன், எரிச்சலோடு சேர்த்துத்தான்.

வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் மாறவேண்டும் என்று நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கலாம். ஜெபியுங்கள், அவர் கேட்கிறவர். ஆனால் ஒரு தடவை தனியாகப் போய், யாருக்கும் கேட்காதபடி, உங்கள் பயத்தை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களையும் கைவிடமாட்டார்.

நேற்று சாயங்காலமும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம், கேஸ் புக் பண்ணாதது யார் என்று. ஜெனி நடுவில் வந்து நின்று, "அம்மா, அப்பா, ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்க. நான் ஜெபம் பண்ணணும், தூக்கம் வருது," என்றாள்.