பரணிலிருந்து வெங் வாத்தியாருக்கு

ஜுவாங் தெஹாய் கடிதத்தில் முழுப் பொய் எழுதியவன் அல்ல. அதற்கான துணிச்சலும் அவனுக்குக் கிடையாது. இருப்பதையே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி எழுதுவான், அவ்வளவுதான்.

புவெனஸ் ஐரிஸ் நகரின் தெற்கு ஓரத்தில், சீனாவில் அவன் சொந்த ஊரான ஃபுச்சிங்கிலிருந்து வந்த குவான் நடத்தும் பல்பொருள் கடையில் அலமாரி அடுக்குவது அவன் வேலை. ஊரில் இருக்கும் பழைய பூகோள வாத்தியார் வெங்குக்கு எழுதும்போது இது, "நாலாயிரம் புட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன" என்று ஆகிவிடும். கிடங்கின் மேலே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் பரணில் அவன் படுத்துக்கொள்வது, "மாடியில் தங்கியிருக்கிறேன்" என்று ஆகும். தெருநாய்கள் துரத்துவதை மட்டும் எப்படி எழுதினாலும் கௌரவம் வரவில்லை. அதை விட்டுவிட்டான்.

வேறு யாருக்கும் இப்படி எழுதியதில்லை. "வகுப்பறைக்கே வழி தெரியாத பயலுக்கு உலகப்படம் எதுக்குடா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டவர் வெங். உலகின் மறுகோடியிலிருந்து தபால்தலை ஒட்டி அவருக்குப் பதில் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் இரண்டு வருடம் நீடித்தது.

மூன்றாம் வருடம் வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"அன்புள்ள தெஹாய், அர்ஜென்டினாவை இருபத்திரண்டு வருடமாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை காலால் தொட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்தப் பருவம் முடிந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவேன். உன் நிறுவனத்தில் கணக்குப் பார்க்க ஓர் ஆள் தேவைப்படாதா?"

தெஹாய் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். நிறுவனமாம்! வெங்குக்கு வயது நாற்பத்தாறு. அரசாங்க வேலை, பள்ளிக்கூடத்து வீடு, கடைசி காலத்துக்கு ஓய்வூதியம். எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் திரும்பி வராது. இங்கே வந்தால் படுக்கப் பரணில் இடம்கூட இல்லை. பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது, ஆனால் அதில் பேசினால் ஊரே காது கொடுத்துக் கேட்கும். மானம் போனாலும் தபால் உறைக்குள் போகட்டும் என்று உட்கார்ந்து உண்மையை எழுதினான்.

"நான் முதலாளி இல்லை. முதலாளி திட்டும்போது பக்கத்தில் நிற்கிறவன்கூட இல்லை, திட்டு வாங்குகிறவனே நான்தான். இந்தத் தேசத்தில் இதுவரை மூன்று தெருக்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என் பெயரைக் கேட்பதில்லை, 'சீனா' என்றே கூப்பிடுகிறார்கள். பூகோளத்தில் பதினேழு மதிப்பெண் எடுத்தேனே, அதற்கு ஏற்ற இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்."

பதில் வந்தது. "நம் ஊரில் வசதி வந்தவன் எல்லாம் இப்படித்தான் எழுதுகிறான். யாராவது வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்ற பயம். கவலைப்படாதே, நான் உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன்."

தெஹாய் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினான். பரணில் அவன் பாய், சுற்றிலும் கூரை வரை நூடுல்ஸ் பெட்டிகள், இங்கே வெந்நீரில் போட்டுக் குடிக்கும் மாத்தே இலைப் பொட்டலங்கள், கழிப்பறைக் காகிதக் கட்டுகள். இதைவிட ஒரு மனிதன் தன்னை எப்படிக் கேவலப்படுத்திக்கொள்ள முடியும்?

வாத்தியார் எழுதினார்: "எவ்வளவு சரக்கு! இத்தனைக்கும் நடுவில் பாயில் படுக்கிறாயே. தலைக்கனம் இல்லாத பிள்ளை. வகுப்பில் படத்தைக் காட்டினேன்."

கடைக்குள்ளேயே ஒரு மூலையில் காய்கறி விற்கும் பொலிவியாக்காரி எர்மெலிந்தாவிடம் புலம்பினான்.

"அக்கா, பொய் சொன்னேன், நம்பினாரு. உண்மையச் சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாரு."

எர்மெலிந்தா உருளைக்கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"எங்க ஊரு ஆளுங்க மட்டும் ஒழுங்கா? நான் இங்க தோட்டமே வாங்கிட்டேன்னு எங்க அண்ணி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அழுது எழுதினா நம்ப மாட்டாங்கடா சீனா. போய் ஏதாச்சும் கேளு."

"என்னத்தக் கேக்க?"

"வேலை கேளு. அதுவும் மட்டமான வேலையா பாத்துக் கேளு. பணக்காரன் எவனாச்சும் போய் வேலை கேப்பானா?"

தெஹாய்க்கு இது பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தான்.

"நம் பள்ளிக்கூடத்து வாசலில் காவல்காரர் வேலை காலியானால் எனக்குத் தயவு செய்யுங்கள். மணி அடிப்பேன், இலை பெருக்குவேன். கிழக்குச் சுவரில் பையன்கள் எந்த இடத்தில் ஏறிக் குதிப்பார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. சம்பளம் எவ்வளவானாலும் சரி. ராத்திரி பேச்சுத்துணை வேண்டாம். ஒரு ஜன்னல் இருந்தால் போதும்."

ஜன்னலைப் பற்றி எழுத வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது. அடித்துவிடலாமா என்று யோசித்தான், பிறகு அப்படியே ஒட்டிவிட்டான்.

நாற்பது நாள் பதில் இல்லை. வாத்தியார் கிளம்பிவிட்டார் என்றே முடிவு செய்து, விமான நிலையத்தில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தான். நாற்பத்தொன்றாம் நாள் காலை, பால் வண்டியோடு தபால்காரனும் வந்தான். தெஹாய் பால் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து பிரித்தான்.

"தெஹாய், வசதியுள்ள எவனும் விளையாட்டுக்குக்கூடக் காவல்காரர் வேலை கேட்க மாட்டான். நீ முதலில் சொன்னபோதே நம்பாமல் போனேன், மன்னித்துக்கொள். இப்போது வாசலில் காவல் இருக்கும் கிழவர் லாவ் இந்தப் பள்ளி ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். தலைமையாசிரியரிடம் மூன்று தடவை போய் நின்றேன். வெளிநாடு போய் வந்த பையன் நிலையாக இருப்பானா என்று கேட்டார். உனக்கு நான் பிணை, நீ இருக்கும் வரை நானும் இருப்பேன், ஓய்வு பெறும் வரை மீதியுள்ள பதினான்கு வருடமும் இந்தப் பள்ளியை விட்டு நகர மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இனி அர்ஜென்டினா விரலோடுதான். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. செப்டம்பர் முதல் தேதிக்குள் வந்து சேர். வாசல் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னல் தெரு பார்த்து இருக்கிறது."

ஒருவரை ஏமாற்றி ஊரில் இருக்கவைக்க வேண்டும் என்று நினைத்தான். அது நடந்துவிட்டது. ஆனால் இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ஊருக்குப் போக வேண்டும் என்று இருந்தது. இரண்டரை வருடமாக அப்படி இருந்ததைத் தன்னிடம்கூட அவன் சொல்லிக்கொண்டதில்லை. கடிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

குவான் கல்லாவை விட்டு ஓடி வந்தார். எர்மெலிந்தாவும் கையில் கேரட்டோடு வந்து நின்றாள்.

"என்னடா ஆச்சு? ஊர்ல யாராச்சும் போய்ட்டாங்களா?"

தெஹாய் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

"இல்ல மாமா. எனக்கு வேலை கிடைச்சிருக்கு."