பொய் ஆபீசர்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அவரை ஆபீசர் என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் லாரி டிரைவர். சொந்த நாட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்துவதும் மொழி சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை. நான் மொழி டீச்சர். அவர் லாரி ஓட்டாத நாட்களில் வந்து குடியேற்ற அதிகாரியாக நடிப்பார். விசாரணைக்குப் போகிறவர்கள் அங்கே வாயடைத்துப் போகக் கூடாதே, அதற்கான ஒத்திகை.

ஒரு காலத்தில் அவரும் அப்படி வாயடைத்து நின்று, அடைக்கலம் கேட்ட மனு தள்ளுபடியாகி, நாயாய் அலைந்து இங்கே தங்க அனுமதி வாங்கியவர்தான். அன்று அவரைக் கேட்டதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "அடிச்சாங்கன்னா தழும்பு எங்க?" "அவ்வளவு பயம்னா இந்தப் போட்டோல ஏன் சிரிக்கிற?" மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஒத்திகை அறையின் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பாடம் நடத்தும் நானே காதைப் பொத்திக்கொள்வேன். ஒத்திகை முடிந்ததும் அவர் நேராகக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளிப்பார்.

"அசிங்கத்தைத் தின்ன மாதிரி இருக்கு டீச்சர்" என்பார்.

அப்போதுதான் ஒரு தையற்காரம்மா வந்தார். அவருடைய அண்ணனை வீட்டு வாசலில் அடித்துக் கொன்றவர்கள் இவரையும் தேடிக்கொண்டிருந்தார்கள். மனு ஏற்கெனவே ஒருமுறை தள்ளுபடி. இந்த விசாரணையும் கைவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பி, அந்தக் கொலைகாரர்கள் கையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முதல் நாள் ஆபீசர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"நன்றி அண்ணா. எங்க அண்ணனும் இப்படித்தான். யாரு வந்தாலும் டீ குடுக்காம பேச்ச ஆரம்பிக்க மாட்டான்."

மனுஷனுக்கு முகமெல்லாம் பல். அன்று முழுக்க, தன்னை அண்ணா என்று கூப்பிட்டதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன தடவை அழுதுதான் கெடுத்துக்கிட்டாங்க. பாவம் பார்க்காதீங்க" என்றார் எங்கள் வக்கீல்.

ஆபீசர் பாவம் பார்க்கவில்லை. "உன் அண்ணனை அடிச்சப்ப கதவுக்குப் பின்னாடிதானே இருந்த? ஏன் கத்தல?"

தையற்காரம்மா அழுதார். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே அழுகை. அதற்கடுத்த வாரம் பொறுக்க முடியாமல் ஒத்திகை அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

"நிறுத்துங்க ஆபீசர்! வெறிநாய் கூட இப்படிக் கடிக்காது!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வெளிய போங்க டீச்சர். நீ சொல்லு. ஏன் கத்தல?"

"கத்தியிருந்தா என்னையும் கொன்னிருப்பாங்க." குரலில் ஈரமே இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"சபாஷ்!" என்றார் வக்கீல். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அருவருப்பில் உடம்பு கூசியது.

விசாரணையில் அதே கேள்வி வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன் நிஜமாகவே கேட்டிருக்கிறான், த்தூ! தையற்காரம்மா தடுமாறாமல் பதில் சொன்னார். அனுமதி கிடைத்தது.

இனிப்புப் பெட்டியோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். வக்கீலுக்குக் கொடுத்தார். என் மேஜை அருகே உட்கார்ந்து மகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆபீசர் உள்ளே வந்தார். பேச்சு பாதியில் நின்றது. தையற்காரம்மா சட்டென்று எழுந்து, முதுகை நிமிர்த்தி, கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"உட்காரும்மா. அதெல்லாம்தான் முடிஞ்சு போச்சே."

அவர் உட்காரவில்லை. பெட்டியை எடுத்துத் தூரத்திலிருந்தே நீட்டினார். ஆபீசர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பழையபடி அண்ணான்னு கூப்பிடும்மா."

"சரிங்க சார்" என்றார் தையற்காரம்மா.