ஈரம் காயாத புத்தகம்

"திரும்ப விரல் வைப்பேன்!"

"ரெண்டு தடவை வச்சாச்சு லல்லன். ராமர் வேண்டாம்னுட்டார், விடு."

"குளிக்காம வச்சேன் அண்ணி, அதான்..."

"ரெண்டாவது தடவை குளிச்சுட்டுத்தானே வச்சே?"

"வெந்நீர்ல குளிச்சேன். அது சேர்த்தியில்லை!"

இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டியதில்லை. சரயு கரையில், எங்கள் வீட்டுப் பூஜையறையில், பட்டப்பகலில் நடந்தது. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

லல்லன் என் கணவரின் தம்பி. தாயில்லாத தன் மகள் மைனாவை, செங்கல் சூளை வைத்திருக்கும் பிரிஜ்நாத்துக்குக் கட்டிவைக்கத் துடித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு ஏறக்குறைய லல்லன் வயது. முதல் மனைவி ஜுரத்தில் செத்துப்போனாளாம். கல்யாணம் முடிந்தால் லல்லனுக்குச் சூளையில் மேஸ்திரி வேலை. வேலை கிடைக்குமுன்பே ஆட்களை அதட்ட ஒரு பிரம்பு வாங்கி வைத்துக்கொண்ட மகானுபாவன் அவன்.

"அந்தக் கிழவனைக் கட்டிக்க மாட்டேன்" என்றாள் மைனா.

"ராமரே சொன்னா?"

அந்தப் பைத்தியக்காரப் பெண், "சொன்னா கட்டிக்கிறேன்" என்றுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ராமர் கதைப் புத்தகம் இல்லாத வீடு கிடையாது. அதன் முன்பக்கத்தில் கட்டம் கட்டமாக எழுத்துகள் இருக்கும். கேள்வியை மனதில் நினைத்து, கண்ணை மூடி, ஒரு கட்டத்தில் விரல் வைக்க வேண்டும். அங்கிருந்து ஒன்பதாவது எழுத்து, அதற்கு அடுத்த ஒன்பதாவது எழுத்து என்று பொறுக்கிக்கொண்டே போனால் ஒரு வரி கிடைக்கும். அதுதான் பதில். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான். இவனோ கத்தரிக்காய் பேரம் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

அதுவும் எங்கள் வீட்டுப் புத்தகத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து புடவை, லட்டு வந்த தட்டில், அடியில், சிவப்புத் துணியில் சுற்றி ஒரு புத்தகம் இருந்தது. "அவங்க புத்தகமே சொல்லட்டும்!" என்று அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

வந்த நாள் முதல் அந்தப் புத்தகம் ஈரமாகவே இருந்தது.

கணப்புச் சட்டி அருகில் வைத்தேன். காயவில்லை. தை மாதத்து மூடுபனி. நண்பகலில்கூட முற்றத்துத் துளசி தெரியாது. பனிதான் என்று நினைத்தேன். ஆனால் பனிக்குப் பாசி வாடை உண்டா?

லல்லன் மூன்றாம் முறை உட்கார்ந்தான். ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தான், திருடன். எந்த மூலைக் கட்டம் 'நடக்கும்' என்று சொல்லும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். விரல் நேராக அங்கே போனது...

சறுக்கியது. வேறு கட்டம். அதே வரி. 'இதை விட்டுவிடு.'

"யாரு கையைத் தட்டினது?"

"நான் வாசப்படியில நிக்கிறேன். குருடா உனக்கு?"

"நீங்க வையுங்க அண்ணி. நீங்க வச்சா சரியா வரும்."

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

சொட்...

சொட்...

எங்கோ தண்ணீர் சொட்டியது. பாசி வாடை நெருங்கி வந்தது.

கண்ணாடி வளையல் சத்தம். என் காதருகே.

மைனா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அங்கே கேட்டது. இது... இங்கே.

என் விரலை ஒரு கை பிடித்தது.

சில்லென்று. ஊறிப்போய்.

மெல்ல இழுத்து, வைத்தது.

கண்ணைத் திறந்தேன்.

யாருமில்லை.

"அண்ணி... உங்க கை ஏன் நனைஞ்சிருக்கு?"

முழங்கைவரை சொட்டிக்கொண்டிருந்தது. எழுத்துகளைப் பொறுக்கினேன். அதே வரி.

லல்லன் வெளிறிப்போனான். அப்போதாவது திருந்தினானா? நேராக அடுப்படிக்குப் போய், "ராமர் சரின்னுட்டார்மா" என்றான். இவனையும் ஒருத்தி பெற்றாளே என்று நினைத்துக்கொண்டேன். அவனோடு பேசிப் பயனில்லை; புத்தகத்தைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துவைத்தேன்.

மறுநாள் நிச்சயதார்த்தம் பேசப் பிரிஜ்நாத்தின் தாய் வந்தாள். மைனா முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. நான் சிவப்புத் துணியோடு புத்தகத்தை எடுத்து வந்து அந்த அம்மாள் முன்னால் வைத்தேன்.

"உங்க வீட்டுப் புத்தகம். நாலு தடவையும் வேண்டாம்னே சொல்லுது."

"அண்ணி, வாயை மூடுங்க!" என்றான் லல்லன்.

அந்த அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள்.

"இது... இதை யாரு கொண்டாந்தது?"

"நீங்க அனுப்புன தட்டுலதான் இருந்துச்சு."

"நான் புடவையும் லட்டும்தானே வச்சேன்! இது செத்துப்போன மருமகளோடது. அவ அம்மா வீட்டுப் புத்தகம். அவளோட சேர்ந்து அதுவும் கிணத்துல..."

நிறுத்திக்கொண்டாள்.

துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மைனா முக்காட்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

நான் கேட்டேன்.

"ஜுரத்துல செத்தவ கிணத்துக்கு எதுக்கும்மா போனா?"