அசோக் ஏர்கான் கழுவிய நாள்

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த அண்ணாதுரை கண்டிப்பான மனிதர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். யாராவது தலைக்கவசத்தின் வாரைக் கட்டாமல் நடந்தால், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்தே அதட்டுவார். அப்படிப்பட்டவர் ஞாயிறு காலையானால் தன் வீடு இருக்கும் ஈசூனில் ரயிலேறித் தோ பாயோவுக்குப் போய், நண்பர் அசோக் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுக் கேட்பார் என்றால் யார் நம்புவார்கள்?

இருவரும் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். அங்கேதான் அசோக் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார். முதலில் அண்ணாதுரைக்கு டேப் சிக்கிக்கொண்டது போலிருந்தது. கிட்டார் வர வேண்டிய இடத்தில் வராமல், கொஞ்சம் தள்ளி வந்து வெட்டியது.

“தாளம் விழுற இடத்தையே கேட்டுக்கிட்டு இருக்காத. விழாம விடுறான் பாரு, அதக் கேளு” என்றார் அசோக்.

கேட்டார். தைப்பூசத்தில் உருமி அடிக்கும்போது அடிவயிற்றில் ஒன்று அதிருமே, அதே இடத்தில் பாஸ் கிட்டார் வந்து உட்கார்ந்தது. அதோடு முடிந்தது. அப்புறம் அந்த இசை அவரை விடவே இல்லை.

லிட்டில் இந்தியாவில் கோயில் விழா, கலைநிகழ்ச்சி என்றால் ஒலிபெருக்கி கட்டுவது அசோக்கின் தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் மிஞ்சியதையெல்லாம் இசைத்தட்டாக்கினார். பெரும்பாலும் எழுபதுகளில் கிங்ஸ்டன் நகரத்துச் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவான ஆல்பங்கள். அவர் வீட்டில் ஒரு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்க முடியாது. முதல் பக்கம் முழுதும் ஓட வேண்டும். பிறகு எழுந்து தட்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் முழுதும். கோபமான பாட்டுக்குப் பின்னால் சாமி பாட்டு வரும், அதற்குப் பின்னால் காதல் பாட்டு வரும். வரிசையாகக் கேட்டால்தான் ஒரு மனிதன் முழுசாகத் தெரிவான் என்பது அவர் கட்சி.

“அடிமையா கப்பல்ல ஏத்திக் கரும்பு வெட்டக் கொண்டுபோன ஆளுங்களோட பேரப்பிள்ளைங்க பாடுறது இது. எவ்வளவு கோபம் பாரு. ஆனா கத்துறாங்களா? இல்ல. ஆட வெச்சுச் சொல்றாங்க. அதான் இத்தன வருஷம் ஆகியும் பழசாகல” என்பார்.

அசோக்கின் தலைமுடிதான் சிக்கல். இளவயதிலேயே சடை சடையாகத் திரித்து விட்டுவிட்டார். இப்போது நரைத்து இடுப்பு வரை தொங்கியது. சிராங்கூன் சாலையில் ஊரிலிருந்து வந்த தொழிலாளர்கள் சிலர் அவரைச் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டதுண்டு. மின்தூக்கியில் சிலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் உண்டு. ரெகே என்றாலே கஞ்சா என்று ஊருக்கு ஒரு நினைப்பு. அசோக் சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் சாலைச் சோதனையில் எந்த வண்டியை விட்டாலும் அவர் வேனை மட்டும் விடமாட்டார்கள்.

அண்ணாதுரையின் மகள் ரக்ஷனா அசோக்கின் மடியில் வளர்ந்தவள். அழுதால் அசோக்தான் தோளில் போட்டுக்கொண்டு, இசைத்தட்டை ஓடவிட்டு, கூடத்தில் மெல்ல ஆடித் தூங்கவைப்பார். அவளுக்கு அவர் ‘அசோக் மாமா’. அவள் ரஞ்சனை விரும்பியபோது, அப்பாவிடம் சொல்வதற்கு முன்பே அவனைத் தோ பாயோவுக்கு அழைத்துப்போய் மாமாவிடம்தான் காட்டினாள்.

ரஞ்சனின் அப்பா திருமாறன் சிறைத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இது தெரிந்த நாளிலிருந்தே அண்ணாதுரைக்கு உள்ளுக்குள் ஓர் உதறல். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சுவரில் மாட்டியிருந்த ஆல்பம் அட்டைகளைக் கழற்றினார். சடைமுடியும் சிங்கமும் புகைமூட்டமுமாக இருந்த அவற்றையெல்லாம் பொருள் வைக்கும் அறையில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் சொருகினார்.

மனைவி சரஸ்வதி பார்த்துக்கொண்டே நின்றாள். “அசோக் அண்ணனுக்குச் சொன்னீங்களா?”

“இன்னிக்கு சும்மா பேச்சுதானே. நிச்சயத்துக்குக் கூப்பிட்டாப் போதும்.”

 சரஸ்வதிக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் ரக்ஷனா சொல்லியிருந்தாள். திருமாறனும் அவர் மனைவியும் ரஞ்சனும் வந்து அமர்ந்து, கேசரித் தட்டு கைக்கு வந்த நேரத்தில் வாசலில் அசோக் நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை. சடையைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் சதுரமாக ஏதோ இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

திருமாறன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். பார்வை முகத்திலிருந்து முடிக்குப் போனது. அவ்வளவுதான். அண்ணாதுரையின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

“ஆ, ஏர்கான் சர்வீஸா? இன்னிக்குத்தானா வரணும்? சரி சரி, உள்ள வாங்க.”

வாங்க. வாழ்நாளில் அவர் அசோக்கை ‘வாங்க’ என்று சொன்னதில்லை.

அசோக்கின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. சற்று நேரம் அங்கேயே இருந்து, பிறகு மெதுவாக வேறொரு சிரிப்பாக, கூலிக்கு வந்தவரின் பணிவான சிரிப்பாக மாறியது. “சாரி சார், லேட் ஆயிருச்சு” என்றார். துணிப்பையைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். நேரே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் ஏணியை எடுத்துவந்தார். கூடத்தின் குளிரூட்டியான ஏர்கானைத் திறந்து, வடிகட்டியைக் கழற்றி, குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் கூடத்தில் கேட்டது. 

ரக்ஷனா காப்பித் தட்டோடு வந்தாள். ஏணியில் நின்ற மாமாவைப் பார்த்தாள். கோப்பைகள் தட்டில் கிணுகிணுத்தன. வாயைத் திறந்தாள். அசோக் மேலேயிருந்து லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. ரஞ்சனும் அவரைப் பார்த்துவிட்டான். அவன் பார்வை அங்கிருந்து நேரே தன் வருங்கால மாமனாரிடம் வந்தது. அதைத் தாங்க முடியாமல் அண்ணாதுரை தரையின் ஓடுகளைப் பார்த்தார்.

“சுத்தமா செய்யுறாரே. உங்க கார்டு இருக்கா தம்பி? எங்க வீட்டுலயும் ரெண்டு ஒழுகுது” என்றார் ரஞ்சனின் அம்மா.

“கார்டு முடிஞ்சிருச்சும்மா. சார்கிட்ட என் நம்பர் இருக்கு, கேட்டு வாங்கிக்குங்க.”

வேலை முடிந்ததும் ஏணியை எடுத்த இடத்திலேயே வைத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டார். “வரேன் சார்” என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டார்.

விருந்தினர் கிளம்பியபின் ரக்ஷனா கத்துவாள் என்று அண்ணாதுரை காத்திருந்தார். அவள் கத்தவில்லை. ஏர்கானுக்குக் கீழே கிடந்த தூசியைத் துணியால் துடைத்தாள்.

“அப்பா, அந்தப் பையில என்ன இருந்துச்சு தெரியுமா? நான் பேபியா இருக்கும்போது மாமா போட்டுத் தூங்க வைப்பாரே, அந்த ஆல்பம். ஒரிஜினல் பிரஸ்ஸிங், மொதல்ல வந்த தட்டு. லண்டன்லருந்து வரவழைச்சாரு. எனக்குக் குடுக்க.”

“உன் லைஃபுக்காகத்தாம்மா... அவங்க தப்பா நெனச்சிட்டா...”

“என் பேரச் சொல்லித் தப்பிக்காதீங்கப்பா.”

அடுத்த ஞாயிறு தோ பாயோவுக்குப் போவதா வேண்டாமா என்று அண்ணாதுரை ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனார். திட்டட்டும், கதவைச் சாத்தட்டும் என்று நினைத்துக்கொண்டார். அசோக் எப்போதும்போலக் கதவைத் திறந்தார். எப்போதும்போலத் தட்டைத் துடைத்து ஓடவிட்டார். பக்கம் முடிந்து புரட்டும்போதுதான் வாய் திறந்தார்.

“உன் ஏர்கான்ல கேஸ் கம்மியா இருக்கு. தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் வெச்சுப் பாரு.”

கேலியாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா? அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அண்ணாதுரையைக் கொன்றது. ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லாமல் போனது. இத்தனை வருடம் நிம்மதி தந்த அந்த பாஸ் கிட்டார் அன்று நெஞ்சில் குத்துவது போலிருந்தது. அநியாயத்தைப் பார்த்துப் பாடியவர்களின் பாட்டை, ஒரு கோழை சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கல்யாணத் தேதி குறித்தார்கள். அண்ணாதுரை பத்திரிகையை நீட்டியபோது அசோக் பார்த்துவிட்டு, “அன்னிக்கு எனக்குக் கோயில்ல சவுண்ட் வேலை இருக்குடா. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். பொய் என்று இருவருக்கும் தெரியும். அவர் வந்தால் ஏர்கான்காரர் எப்படிச் சபையில் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி அண்ணாதுரை மேல் விழாமலிருக்கத்தான் அசோக் தன்னையே ஒதுக்கிக்கொள்கிறார் என்பது அவருக்கு விளங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, மின்விசிறிக்குப் பின்னால் சொருகியிருந்த அட்டைகளைப் பார்த்தார். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது ஒரு படத்தின் முகம் கிழிந்து மற்றதோடு போயிற்று.

அன்று மாலையே பூன் லேயில் இருந்த சம்பந்தி வீட்டுக்குப் போனார். திருமாறன் வீட்டில் தனியாக இருந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

“சம்பந்தி, அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தவரு ஏர்கான்காரர் இல்ல. என் கூட்டாளி.”

“தெரியும்.”

அண்ணாதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரஞ்சன் சொன்னானா?”

“அவன் ஒண்ணும் சொல்லல. எந்த ஏர்கான்காரன் ஏணி எங்க இருக்குன்னு கேக்காம எடுப்பான்? பாத்ரூம் எங்கன்னு கேக்காம போவான்? நான் ஜெயில்ல வேலை பாத்த ஆளு. பொய் சொல்ற முகம் எனக்குப் பழக்கம்.” திருமாறன் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க அண்ணன் தம்பியோன்னு நெனச்சேன். சொந்தத் தம்பிய மறைக்கிற வீட்டுல பொண்ணு எடுக்கலாமான்னு வொய்ஃப்கிட்ட கேட்டேன். அவதான், ‘அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தீங்களா, அது தாங்க முடியாம நின்னுச்சு, அது போதும்’னா.”

 அண்ணாதுரை யாருக்குப் பயந்து நண்பனை மறைத்தாரோ, அவருக்கு முடி ஒரு பொருட்டாகவே இல்லை. மறைத்ததுதான் பொருட்டாக இருந்திருக்கிறது. கல்யாணம் கெட்டுவிடும் என்று பயந்தார். கெடுக்கப் பார்த்தது அவரே.

“என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க, சரி. அவர்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார் திருமாறன்.

இல்லை.

நேரே தோ பாயோவுக்குப் போனார். அசோக் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணாதுரை நின்றபடியே சொன்னார். அழகாகச் சொல்ல வரவில்லை. பயந்துட்டேன் என்றார், தப்பு என்றார், அதையே திரும்பவும் சொன்னார்.

அசோக் வயரைக் கீழே வைத்தார்.

“மச்சான், போலீஸ் நிறுத்துறான், லிஃப்ட்ல ஆளுங்க ஒதுங்குறாங்க. அதெல்லாம் எனக்குப் பழகிருச்சு. வெளியில போறப்ப இந்தத் தலைய நெனச்சுக்கிட்டேதான் நடப்பேன். உன் வீட்டுக்குள்ள வந்தா மட்டும் எனக்கு அப்படி ஒரு தலை இருக்குன்னே மறந்துரும். அன்னிக்கு ஏணியில நிக்கும்போது ஞாபகம் வந்துருச்சு. அவ்வளவுதான்.”

அண்ணாதுரை அழுதார். அசோக் தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு தட்டை எடுத்து ஓடவிட்டுவிட்டு வயர் சுருட்டப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு அசோக் வந்தார். பட்டு வேட்டி கட்டி, சடையைத் தோளில் விட்டுக்கொண்டு வந்தார். திருமாறன் வாசலுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய முறையை அவர்தான் செய்ய வேண்டும் என்று ரக்ஷனா அடம்பிடித்தாள். அசோக்கே அவள் கழுத்தில் மாலை போட்டார். எல்லாரும் படமெடுத்துக்கொண்டார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்திருக்கும்.

பெரும்பாலும் சரியாகத்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டு ஓடுகிறது. சில வாரம் ரஞ்சன் வந்து தரையில் உட்கார்ந்து கேட்கிறான். ஒருமுறை திருமாறனும் வந்து, முதல் பக்கம் முடிவதற்குள் காலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் முன்பெல்லாம் ஈசூன் பக்கம் வேலையாக வந்தால் அசோக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சரஸ்வதியிடம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இப்போது அப்படி வருவதில்லை. கீழே அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் நின்றுகொண்டு தொலைபேசியில் அழைக்கிறார்.

“வீட்டுல யாராச்சும் வந்திருக்காங்களாடா? இப்ப மேல வரலாமா?”

ஒவ்வொரு முறையும் அண்ணாதுரை செருப்பைக்கூட மாட்டாமல், அவரைக் கூட்டிவரத் தானே கீழே இறங்கி ஓடுகிறார்.