மினுக்கும் பெட்டி

வீட்டுக்குள் வந்ததும் வைஃபை அக்கா மடிக்கணினியைத் தொடமாட்டார். "நீங்க வழக்கமா எங்க உக்காருவீங்களோ, அங்க போய் உக்காருங்க" என்பார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் சிக்னலைப் பார்ப்பார். வயது நாற்பத்தாறு. இணைய இணைப்புப் பழுது பார்ப்பதில் இது ஒன்பதாவது வருடம். இடது மணிக்கட்டில் வளையல் போலக் கறுப்பு டேப் சுருள் கிடக்கும். சிவப்புப் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை யாருக்கும் இரவல் தந்ததில்லை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் உறவுக்காரர் யாருக்காவது வீடியோ அழைப்புப் போடச் சொல்லி, திரையின் முன் குனிந்து, "கேக்குதா?" என்பார். ஆமாம் என்று பதில் வந்தால்தான் பையை மூடுவார்.

செவ்வாய்க்கிழமை போன வீடு மூன்றாம் மாடி. பேருந்து ஓட்டுநர் ஒருவரும், அச்சகத்தில் புத்தகம் தைக்கும் அவர் மனைவியும். மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வெளியூரில் படிக்கும் மகளோடு அவர் பேசுவதெல்லாம் கையால்தான். புது இணைப்பும் புது மடிக்கணினியும் ஒரே நாளில் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"வீடியோவுல பொண்ணு கை பாதியில நின்னுடுதுங்க" என்றார் ஓட்டுநர். "அப்புறம் பாத்தா வேற என்னமோ சொல்லிட்டிருக்கா. பொண்ணு வெறுத்துப்போய், இன்னிக்கும் இப்படித்தான்னா இனிமே டைப் பண்ணிக்கலாம்னுட்டா. நாலு மணிக்குக் கூப்பிடுவா."

மனைவி விரல்களை வேகமாக அசைத்தார்.

"எழுத்துல அவ மூஞ்சி இருக்காதேங்கறா."

அப்போது மணி மூன்று பத்து.

"என்ன புது மாப்ள, வந்தவுடனே இவ்ளோ பிகுவா?" என்று மடிக்கணினியைக் கேட்டபடி அக்கா அதைத் திறந்தார். பதினோராயிரம் பழைய படங்களை அது ஓய்வில்லாமல் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் மந்தம் விலகியது. சிக்னல்தான் இன்னும் சாகக்கிடந்தது. கைப்பேசியை நீட்டிக்கொண்டே நடந்தவர் படுக்கையறை இரும்பு பீரோவின் முன் போய் நின்றார். உள்ளே, துணிமணிகளுக்கு நடுவே ரவுட்டர். கதவிடுக்கில் ஒயர் நசுங்காதபடி துணி சுற்றியிருந்தது.

"இதென்ன நகையா, பூட்டி வெக்க?" என்று தொடங்கினார் அக்கா.

"பெல் அடிச்சா எங்க வீட்டுல லைட்டுதாம்மா மினுக்கும்" என்றார் ஓட்டுநர் சங்கடத்தோடு. "இந்தப் பெட்டியும் மினுக்கிட்டே இருந்துச்சா, யாரோ வந்துட்டாங்கன்னு இவ முப்பது வாட்டி போய்க் கதவத் திறந்தா. ரெண்டாம் நாளே உள்ள வெச்சுட்டா."

அக்கா ரவுட்டரைக் கூடத்து அலமாரியின் மேல் வைத்தார். மணிக்கட்டிலிருந்து டேப்பை உருவி, ஸ்க்ரூடிரைவர் முனையால் கீறி, ஐந்து விளக்குகளையும் ஐந்து துண்டுகளால் மறைத்தார். மனைவி நாலடி தள்ளி நின்று, கடைக்கண்ணால் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

நாலு மணிக்கு மகள் திரையில் வந்தாள். நாக்கு நுனிவரை வந்த "கேக்குதா?"வை விழுங்கிவிட்டு, அக்கா பத்து விரல்களையும் ஆட்டினார். மகளின் பத்து விரல்களும், ஒன்றுகூட நிற்காமல், திருப்பி ஆடின. பிறகு அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு நாள் பேச்சு மிச்சம் இருந்தது.

ஓட்டுநர் வேலைக்குக் கிளம்ப, அக்காவும் கூடவே இறங்கினார். தெருவுக்கு வந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் அலமாரி மேலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. மூன்று மாடியும் மறுபடி ஏறினார். பெல்லை நோக்கிப் போன விரல் தொடுமுன் நின்றது. அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்புவார்.

விரலை மடக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நாலரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த அடுத்த வீட்டுக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் லேட்டாகும் சார்" என்றார், கதவுக்கு உள்ளே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி.