போகாத பயணத்துக்குப் பதினோரு விருந்து

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் யாழினி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும், "மாமா, உங்ககிட்ட ஒரு ஸ்வெட்டர் இருக்குதாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். பாகூர்ப் பக்கத்தில் ஸ்வெட்டர் வைத்திருப்பவனை ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும், குளிர் போய்விடும். ஆனாலும் என்னிடம் ஒன்று இருக்கிறது. பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கருநீல நிறம், கழுத்து வரை ஏறுகிற கம்பளி, ஒரு பயணத்துக்கென்று புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. இத்தனை வருடத்தில் அதை ஒரே ஒரு முறைதான் போட்டிருக்கிறேன். அதுவும் கம்பெனி சுற்றுலாவில் ஏற்காடு போனபோது, பஸ்ஸிலேயே வியர்த்துக் கழற்றிவிட்டேன்.

யாழினிக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. "போறதா, இருக்கறதான்னு தெரியல மாமா. போய்ப் படிச்சுட்டு வந்தா வேலையில அப்டி இன்னா மாறிடும்? நீங்க போயிருந்தா இன்னா ஆயிருப்பீங்க?" என்று கேட்டாள். கேட்ட கையோடு, "விசா வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா வில்லியனூர் தாத்தாகிட்ட" என்றாள். வில்லியனூர் தாத்தா என்பது என் தாய்மாமன் கலியமூர்த்தி. அவரிடம் சொல்லக் கூடாது என்று இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

நான் வேதியியல் பட்டம் முடித்த வருடம் எனக்கு பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. கல்லூரியில் என்னோடு படித்த ஆரோக்கியசாமிக்கும் அதே படிப்பில் இடம். அவன் அரியாங்குப்பத்துக்காரன், ஆரோ என்று கூப்பிடுவோம். இரண்டு பேரும் சாயங்காலத்தில் டவுனுக்குப் போய் பிரெஞ்சு படித்தோம். ஆரோவுக்கு நாக்கு வளைந்தது. எனக்கு வணக்கம் சொல்லவும் வழி கேட்கவும் வந்தது, வழி சொன்னால் புரியாது.

எங்கள் பக்கத்தில் பிரான்ஸ் என்றால் ஜனங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்பார்கள். அந்தக் குடும்பங்கள் அங்கேயே போய்த் தங்கிவிட்டவை. கோடை விடுமுறைக்கு வந்து, தெருவே மணக்கிற சென்ட்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். படிக்கப் போவது, படித்துவிட்டு வருவது என்பதை எங்கள் சொந்தத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பிரான்சுக்குப் போகிறவன் போகிறவன்தான்.

கடிதம் வந்த மறுநாளே மாமா வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். அப்போது அவர் மில்லில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியமும் அவர் தலைமையில்தான் நடக்கும், சில சமயம் அந்தக் காரியம் உறுதியாவதற்கு முன்பே நடந்துவிடும். "சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் போய் சொல்லிக்கினு வரணும்டா. இல்லாங்காட்டி நாளைக்கி ஒரு பேச்சு வரும்" என்றார். எங்களில் தூரப் பயணம் போகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவது வழக்கம். அதைத் தட்டக் கூடாது, ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டை விடவும் கூடாது. அப்படித்தான் அந்தப் பதினோரு விருந்தும் ஆரம்பித்தது.

முதல் விருந்து மாமா வீட்டில், நாட்டுக்கோழி. மாமி எனக்கு மட்டும் ஈரலை எடுத்து வைத்தார். சுத்துக்கேணி அத்தை, "அங்க கருவாடு கெடைக்காதுடா" என்று சொல்லி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கருவாட்டையும் கையில் கொடுத்தார். திரும்பி வந்த டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மண்ணாடிப்பட்டில் பெரியப்பா முறை ஒருவர் வீட்டில் ஆட்டுக்கறி, கூடவே ஒரு கட்டுக் கரும்பு. வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் எங்கள் அப்பாவுக்குச் சிநேகிதர். சொந்தமில்லாவிட்டாலும் சண்டை போட்டு ஒரு நாளை வாங்கிக்கொண்டு பிரியாணி போட்டார். ஏழாவது வீட்டுக்குள் என் வயிறு கெட்டுவிட்டது. எட்டாவது வீட்டில் ரசம் சோறு போதும் என்றேன். அவர்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து மீனும் சாப்பிட்டேன்.

எல்லா வீட்டிலும் கை கழுவியதும் ஒரே வாழ்த்துதான். "போனவன் அங்கியே செட்டில் ஆயிடணும். அப்பறம் நம்ம புள்ளைங்கள ஒவ்வொண்ணா இஸ்துக்கணும்." நான் தலையை ஆட்டுவேன். பதினோரு வீட்டில் தலையை ஆட்டினால் அது மனப்பாடம் ஆகிவிடும்.

விசாவுக்கான நேர்காணலில் ஒரு அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். படிப்பை முடித்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். திரும்பி வந்து இங்கே வேலை பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும், இதை ஆரோ எனக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்திருந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அங்கேயே செட்டில் ஆகி, சொந்தக்காரப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொள்வேன்" என்றேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். பெரியவர்கள் ஆசியைக் கேட்டு அவருக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே வாரம் மாமா பேனர் வைத்துவிட்டார். அப்போதுதான் டிஜிட்டல் பேனர் எங்கள் பக்கம் வந்த புதிது. மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வைப்பார்கள். படிப்புக்கு வைத்தது என்னுடையதுதான் முதல். ஊர் திரும்புகிற முக்கில் இரண்டு சவுக்குக் கழிக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் நான். என் தோள் அளவுக்கு ஈபிள் கோபுரம். ஒரு விமானம் நேராக என் காதைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது. "மேற்படிப்பிற்காக பிரான்ஸ் செல்லும் எங்கள் குலக்கொழுந்தை வாழ்த்தி வழியனுப்புகிறோம்" என்று எழுதி, கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். மாமா கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். அவருடைய மூன்று வயது மகன் காதில் செல்போன் வைத்துக்கொண்டு என்னை வாழ்த்தினான். உள்ளதைச் சொல்கிறேன், முதல் நாள் அதைப் பார்ப்பதற்காகவே மூன்று முறை கடைக்குப் போனேன்.

நேர்காணல் முடிந்த பன்னிரண்டாம் நாள் விசா மறுப்பு வந்தது.

வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாமாதான் ஆடிப்போனார். விஷயத்தை வெளியே விடவேண்டாம் என்று அவரே முடிவு செய்து, டிக்கெட் கிடைக்கவில்லை, தேதி தள்ளிப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. பஸ் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "எப்பப்பா பயணம்?" என்பார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர் கேட்பார். சோறு போட்டவர்கள் கேட்கும்போதுதான் உயிர் போகும், தின்ற கோழியைத் திருப்பியா கொடுக்க முடியும். பேனர் இருக்கும் முக்கில் இறங்கக் கூசி, ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வயல் வரப்பில் நடந்து வீட்டுக்கு வருவேன். ஒரு மாதம் அப்படி நடந்தேன்.

அந்த ஒரு மாதத்துக்கு முடிவு கட்டியது அம்மாதான். சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு முடிந்து ரோட்டு ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் போதவில்லை. அம்மா கருக்கரிவாளோடு நேராக முக்குக்குப் போய், நாலு பக்கமும் கயிற்றை அறுத்து, பேனரைத் தரதரவென்று இழுத்துவந்து நெல்லின் மேல் போட்டு மூடினார். பக்கத்துக் களத்துக்காரி, "புள்ள படம்டி அது" என்றார். "புள்ள வூட்டுலதான் கீறான். அவனுக்கு விசா கெடைக்கல. நெல்லு நனையுது, நீ அந்தப் பக்கம் புடி" என்றார் அம்மா. சொல்லி முடித்தாயிற்று. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, மறுநாளிலிருந்து யாரும் என்னைப் பயணம் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஆரோ கதை வேறு. அவனுக்கும் அந்த வருடம் மறுத்துவிட்டார்கள், அவனுக்கு ஏதோ ஒரு காகிதம் குறைவு. அவனுக்கு விருந்தும் இல்லை, பேனரும் இல்லை. மறுத்தது அவன் அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் மறுபடி எழுதிப்போட்டுப் போய்விட்டான். என்னையும் கூப்பிட்டான். மாமாவும் வந்தார். வாசலில் நின்றபடியே, "என் தப்புதான்டா. மறுபடி போடு. இந்த வாட்டி நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். மறுபடி போடவில்லை. பல வருடம் அந்தப் பேனர்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால், இன்னொரு முறை ஊர் கேட்குமே என்ற பயம் எனக்கு. பேனர் வைத்தது மாமா, பயந்தது நான்.

தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். குறை சொல்ல முடியாத வாழ்க்கை. வீடு கட்டினேன், அம்மாவைக் கடைசி வரை பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆனால் போகாததால் ஒன்றும் குறையவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு படிக்கு மேல் எனக்குப் பதவி ஏறவில்லை. இப்போது எனக்கு மேலே இருப்பவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். அதனால் கோபப்படவும் முடியவில்லை. ஆரோ அங்கே முதல் மூன்று வருடம் ஹோட்டலில் தட்டு கழுவினான். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். அவன் அப்பா இறந்தபோது வந்துசேர முடியவில்லை, அடக்கத்தை போனில் நான்தான் காட்டினேன்.

யாழினியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "போம்மா. மறுத்தா மறுபடி போடு. அங்க புடிக்கலன்னா திரும்பி வா, யாருக்கும் பதில் சொல்ல வேணாம்" என்றேன். அவள் ஸ்வெட்டரை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, எடுத்துக்கொண்டு போனாள்.

விசா வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாடகைக் காரில் அக்காவும் நானும் அவளைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. உள்ளே போவதற்கு முன் நின்றபடியே ஒரு பன்னைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். அவள் போய் மூன்று வாரம் கழித்துத்தான், போன வாரம், மாமாவிடம் சொல்ல வில்லியனூர் போனேன்.

மாமி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. செல்போன் வைத்துக்கொண்டு என்னை வாழ்த்திய மகன் கனடாவில் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறான். மாமாவுக்கு மெஸ்ஸிலிருந்து கேரியரில் சாப்பாடு வருகிறது. நான் சொன்னதைக் கேட்டு, அந்தக் கேரியரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பேனர் வச்சுடுவேன்னு பயந்துட்டீங்களா?" என்றார்.

"அப்டியெல்லாம் இல்ல மாமா" என்றேன்.

"கெளம்பறப்ப எங்க சாப்டுச்சு கொழந்த?"

சொன்னேன். அவர் கையை விரித்து விரலை மடக்க ஆரம்பித்தார். "சுத்துக்கேணி அக்கா இல்ல. மண்ணாடிப்பட்டு வூடு பூட்டிக் கீது, புள்ளைங்க ரெண்டும் ஆஸ்திரேலியா. பாய் கடையை வித்துட்டு மவன் கூட துபாய் போயிட்டாரு." இப்படி அன்றைக்கு எனக்குச் சோறு போட்ட ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வீடுகளில் ஆள் இல்லை, மீதி வீடுகளில் பிள்ளைகள் இல்லை. கடைசி வீட்டுக்கு விரலை மடக்காமல் தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"நீ சொல்லியிருந்தாலும் எங்கடா கூட்டினு போயிருப்பேன்" என்றார்.