பன்னெண்டாம் லாட்டு நல்ல துணின்னு காட்டுன நாளு

வெள்ளியங்கிரி அஞ்சாவது வரைக்குந்தான் படிச்சவரு. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில இருவது வருசமா துணி குடோனு அவரு கையிலதான். கழிச்ச ரோலுன்னா மேல செவப்பு வேஸ்ட்டுத் துணியக் கட்டிப்போடுவாரு. கம்ப்யூட்டரு வந்த பொறகும் விடல.

ஒரே ஒரு நாளு விட்டாரு. மகளுக்குப் பொண்ணு பொறந்துருக்குன்னு ஆசுபத்திரியில இருந்து போனு. அந்நேரம் பாத்து லேப்புல இருந்து சீட்டு வருது: பன்னெண்டாம் லாட்டு சாயம் போவுது, கொழந்தத் துணிக்கு ஆகாது. ஆபீசுல கம்ப்யூட்டரு பாக்கற வினிதாகிட்டச் சொன்னாரு.

"ரிஜெக்ட்டுன்னு ஏத்திட்டனுங்க. நீங்க மொதல்ல பேத்தியப் பாருங்க."

அதான் ஏறிருச்சேன்னு, ரோலு மேல செவப்புத் துணி கட்டாம பஸ் ஏறிட்டாரு.

பேத்தி அவரு வெரலப் புடிச்சு நேரா வாய்க்குக் கொண்டு போச்சு. சொக்கிப் போயிட்டாரு மனுசன்.

மத்தியானம் வந்து பாத்தா, கட்டிங் டேபிள்ல பன்னெண்டாம் லாட்டு. கொழந்தச் சட்டைக்கு வெட்டிட்டிருக்காங்க.

"மிசினை நிறுத்துங்க!"

கட்டிங் மாஸ்டரு சகாயராஜு, தூத்துக்குடிக்காரரு, சிரிச்சாரு. "தாத்தா ஆனதும் சத்தம் பெருசா வருதே அண்ணாச்சி! கம்ப்யூட்டர்ல தேடித்தான எடுத்தேன்? நல்ல துணின்னுல்லா காட்டுச்சு."

மேனேஜரு வந்து நேரா வினிதாவப் புடிச்சாரு. "ஏத்தாமயே ஏத்துனேன்னு சொன்னியா? நாளைக்கு வர வேண்டாம்." அந்தப் புள்ள சம்பளத்துலதான் அவிக ஊட்டுல அடுப்பெரியுது.

"பதிவைத் தொறந்து காட்டு கண்ணு"ன்னாரு வெள்ளியங்கிரி. பத்து மணிக்கு ரிஜெக்ட்டுன்னு ஏறியிருக்குது. தேடுற எடத்துல மட்டும் நல்ல துணி, ஏழாம் ரேக்குன்னே இருக்குது.

சாப்ட்வேரு பாக்கற சசிகுமாரு போனுல சொன்னாரு: "பதிவு வேற, தேடற பட்டியல் வேறங்க. பதிவப் பாத்து எடுத்து வெச்ச நகலுதான் பட்டியலு. தெனம் காலைல கம்பெனி தொறக்கறப்ப ஒருக்காத்தான் மாறும்."

"அப்ப யாரு தப்பு?"ன்னாரு மேனேஜரு.

வினிதா மேல தப்பில்லைன்னு தெரிஞ்சு போச்சு. வெள்ளியங்கிரி பேசாம இருந்திருந்தா பழி கம்ப்யூட்டரு மேலயே போயிருக்கும்.

"ரோலுல நான் அடையாளம் கட்டலீங்க. தப்பு என்ரதுதான்."

மேனேஜரு அவரு மொகத்தப் பாக்கல. "குடோன் சாவிய வெச்சிருங்கண்ணா. நாளையில இருந்து பேக்கிங்குக்குப் போங்க."

பதிவுல எது மாறுனாலும், அழிச்சாலுங்கூட, அந்த நிமிசமே தேடறதுலயும் மாறற மாதிரி சசிகுமாரு சாயங்காலத்துக்குள்ள செஞ்சு குடுத்தாரு. வினிதா ஒரு லாட்டை மாத்தி, சகாயராஜு தேடி, ரெண்டு தடவ பாத்துக்கிட்டாங்க.

வெள்ளியங்கிரி அதப் பாக்க நிக்கல. வெட்டுன சட்டைத் துணிய ஒண்ணு விடாம வேஸ்ட்டுச் சாக்குல அமுக்கி, சாக்கு வாயத் தெச்சாரு. அப்பறமா போயி சாவிக்கொத்த மேசை மேல வெச்சாரு.